பிரெய்ட் நரம்பு: கையுறையா, கட்டையா, தங்கூஸ் லீடரா?

பேராக்கின் ஊத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிக்கப் படகேறுகிற நம் ஆட்களிடம் பிரெய்ட் நரம்பைப் பற்றி, அதாவது பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் நரம்பைப் பற்றிப் பேச்செடுத்தால் கடைசியில் அது கையுறைச் சண்டையில்தான் போய் நிற்கும். தோட்டத்துக் கையுறையே போதும் என்பார் ஒருவர், மீன்பிடிக் கடையில் தொங்குகிற விலை உயர்ந்ததை வாங்கு என்பார் இன்னொருவர், விரலில் பிளாஸ்டர் சுற்றினால் முடிந்தது என்பார் மூன்றாமவர். மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்றும் ஓரளவுக்கு உதவும், ஆனால் எதுவும் எல்லா நேரத்துக்கும் உதவாது. பிரெய்ட் எப்போது பார்த்தாலும் கையை அறுப்பதில்லை. தூண்டில் அடியில் சிக்கும்போது, மீனைப் படகோரம் கொண்டுவரும்போது, ரீலில் கட்டைவிரலால் நரம்பைத் தள்ளிச் சுற்றும்போது, முடிச்சை இறுக்கும்போது, இப்படிச் சில நேரங்களில்தான் அறுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

முதலில் அது ஏன் அறுக்கிறது என்பது. பெட்டியில் PE 3 என்று தடிமன் எண் போட்டிருக்கும் நரம்பு சுமார் 0.28 மில்லிமீட்டர்தான். அதே பாரத்தைத் தங்கூஸ், அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பு, தாங்க வேண்டுமானால் அரை மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும். இழுப்பு ஒன்றுதான், விரலில் இறங்குகிற இடம் பாதி. தங்கூஸ் அறுவதற்கு முன் 20 சதவிகிதமோ அதற்கு மேலோ நீண்டு கொடுக்கும், பிரெய்ட் 4 சதவிகிதம் நீண்டாலே பெரிது, அதனால் அலையில் படகு ஏறி இறங்குகிற அதிர்ச்சி அப்படியே கைக்கு வந்துவிடும். நாலு பிரி நரம்பு எட்டுப் பிரியை விட முரடு, ரம்பம் மாதிரி உரசும். பெர்ணம் ஆற்று வாயிலுள்ள சேறும் உப்பும் இழைக்குள் ஏறிவிட்டால் எட்டுப் பிரியும் முரடாகிவிடும், ஆகவே வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ரீலைக் கழுவுவது கைக்கும் நல்லது.

அப்படியானால் தங்கூஸுக்கே திரும்பிவிடலாமே என்றால், கம்பும் ரீலும் வைத்துப் பிடிப்பவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி மலாக்கா நீரிணையில் நீரோட்டம் இழுக்கிற இழுப்பில் மெல்லிய நரம்புதான் அடிக்குப் போகும், ஈயக்குண்டும் சின்னதாகப் போதும், ஜெனஹாக் மீன் இரையைத் தொட்டாலே தெரியும். கையால் நரம்பு இறக்கிப் பிடிக்கிறவர்களுக்குப் பேச்சே வேறு: 80, 100 பவுண்டு தங்கூஸை விட்டு நகராதீர்கள். கைநரம்பாக பிரெய்டைப் போடுவது எந்தக் கையுறையோடும் சரிவராது.

இப்போது சிக்கல். பெரிய காயமெல்லாம் இங்கேதான் நடக்கிறது. அடியில் பாறையிலோ உடைந்த வலையிலோ மாட்டிக்கொண்டதும் நம்மாள் செய்கிற முதல் வேலை, நரம்பை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுப்பது. அந்த நேரம் படகு ஒரு அலை தூக்கிவிட்டால் இழுப்பது நீங்கள் இல்லை, படகு. தசைநாண் வரை அறுக்கக்கூடிய விஷயம் இது. கையுறை போட்டுச் சுற்றினால் தோல் பிழைக்கலாம், ஆனால் நரம்பு விரலைச் சுற்றி இறுகினால் அவசரத்துக்குக் கழற்ற முடியாது. ஆகவே சிக்கலுக்குக் கையுறை என்பதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை.

சிலர் கம்பை நேராக நீட்டி, ரீலின் பிரேக்கான டிராக்கை இறுக்கி, ரீலைக் கையால் அமுக்கிப் பின்னால் சாய்வார்கள். கை தப்பும், ஆனால் பிரெய்ட் சுருளுக்குள் வெட்டிக்கொண்டு இறங்கிவிடும், அடுத்த முறை எறியும்போது அங்கேயே மாட்டும், ரீலுக்கும் பாரம். படகின் கயிறு கட்டும் குமிழில் இரண்டு சுற்று போட்டுப் படகையே இழுக்கவிடுவது அதைவிடப் பரவாயில்லை. ஆனால் விரல் நரம்புக்கும் குமிழுக்கும் நடுவில் போகக்கூடாது, மரப்படகின் விளிம்பில் போட்டால் கோடு விழுந்து படகோட்டும் தெக்கோங் முகம் சுளிப்பார்.

என் ஓட்டு கட்டைக்குத்தான். பழைய மொப் கம்பில் ஒரு சாண் நீளம் அறுத்து, அதன் மேல் மோட்டார் சைக்கிள் டியூபை இழுத்துப் போர்த்திக்கொண்டால் போதும், பைசா செலவில்லை. டியூப் இல்லாத வெறும் மரத்தில் பிரெய்ட் வழுக்கும். ரீலைத் திறந்துவிட்டு, கொஞ்சம் நரம்பைத் தளர்த்தி எடுத்து, கம்பை ஓரமாக வைத்துவிட்டு, கட்டையின் நடுவில் எட்டுப் பத்துச் சுற்று சுற்றி, இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்து, உட்கார்ந்தபடி நேராக இழுங்கள். நின்றுகொண்டு இழுத்தால் அறுகிற நொடியில் மல்லாக்க விழுவீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், ஈயக்குண்டு விடுபட்டு வந்தால் எங்கே வரும் என்று சொல்ல முடியாது.

கட்டை எடுக்கிற வேலையையே குறைக்க ஒரு வழி இருக்கிறது: ஈயக்குண்டை மட்டும் மெல்லிய மலிவுத் தங்கூஸில், 15 அல்லது 20 பவுண்டில் கட்டுங்கள். பெரும்பாலும் மாட்டுவது குண்டுதான், அது மட்டும் போகும், தூண்டில் முள்ளும் லீடரும் (பிரெய்டின் நுனியில் இணைக்கிற தங்கூஸ் துண்டு) திரும்பி வரும். கடலடியில் நீளமாக பிரெய்ட் கிடக்காமலும் இருக்கும்.

மீனைப் படகோரம் கொண்டுவருவதற்கு லீடருக்கு ஈடாக எதுவும் இல்லை. நாலைந்து மீட்டர், 60 பவுண்டு தங்கூஸ். பிரெய்டையும் லீடரையும் இணைக்கிற முடிச்சு கம்பின் வளையங்களுக்குள் வந்து ரீலில் இரண்டு சுற்று ஏறியதும் கை தொடுவது தங்கூஸை மட்டும்தான். அதையும் கையில் சுற்றாமல் பிடிக்க வேண்டும், திருக்கை கடைசி நேரத்தில் அடியை நோக்கித் திரும்பினால் விட்டுவிடத் தெரிய வேண்டும், மற்றபடி வலைக்கூடையோ கொக்கித்தடியோ பார்த்துக்கொள்ளும். வளையத்துக்குள் மெலிசாகப் போவது எஃப்ஜி முடிச்சு, ஆடுகிற படகில் அதைக் கட்டுவது பெரும்பாடு, வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள். கடலில் அறுந்தால் அல்பெர்ட்டோ முடிச்சு போதும். எந்த முடிச்சானாலும் எச்சில் தொட்டு இறுக்குங்கள், பாலிஎத்திலீன் 145 டிகிரி அருகே உருகிவிடும், காய்ந்த உரசலில் அது பலம் இழக்கும். இறுக்கும்போது பிரெய்ட் பக்கத்தைக் கட்டையில் சுற்றி இழுக்க வேண்டும், விரலில் அல்ல.

சரி, கையுறைக்கு வருவோம். செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் போடுகிற, உள்ளங்கையில் ரப்பர் பூசிய பருத்திக் கையுறை சில ரிங்கிட்தான், முடிச்சு இறுக்க, லீடர் பிடிக்க, கெளுத்தி முள்ளை ஓரளவு தடுக்க நன்றாகவே உதவும். ஆனால் பருத்தி நனைந்தால் காயாது, நரம்பு ரப்பர் இல்லாத முதுகுப் பக்கம் போனால் சுலபமாக அறுக்கும். ஹார்டுவேர் கடைகளில் வரும் வெட்டுத் தடுப்புக் கையுறை இதைவிட மேல். அதன் முதுகில் EN 388 என்று போட்டு எண்களும் எழுத்தும் இருக்கும், 2016 திருத்தத்துக்குப் பிறகு A முதல் F வரை வரும் எழுத்துதான் வெட்டுக்கான தரம், F உயர்ந்தது. இவற்றில் பல பிரெய்ட் செய்கிற அதே வகை பாலிஎத்திலீன் இழையில் பின்னியவை. வெட்டைத் தடுக்குமே தவிர மீன் முள் பின்னலுக்குள் நுழைந்துவிடும், மும்முனைத் தூண்டில் முள் அதில் மாட்டினால் கையோடு சேர்ந்து போகும். தோல் கையுறை உப்பில் காய்ந்ததும் அப்பளம். கடைகளில் மீன்பிடிக் கையுறை என்று விரல் நுனி வெட்டி விற்பது வெயிலுக்கு நல்லது, ஆனால் பிரெய்ட் முதலில் தொடுகிற இடமே அந்த நுனிதான்.

விரலுக்கு மட்டும் பாதுகாப்பு வேண்டுமானால் துணிப் பிளாஸ்டர் ஒரு இரவு தாங்கும், ஈரத்தில் நழுவும். மோட்டார் டியூபில் வெட்டிய வளையம் அதைவிட நீடிக்கும், இறுக்கமாகப் போட்டால் விரல் மரத்துப் போகும், அவ்வளவுதான் குறை. எறிந்து பிடிக்கிறவர்களுக்கு ஆள்காட்டி விரலில், நரம்பை வரிசைப்படுத்தாத ரீல் வைத்திருப்பவர்களுக்குக் கட்டைவிரலில்.

இவ்வளவும் செய்தும் அறுத்துவிட்டால் கடல் தண்ணீரில் கையை அலசாதீர்கள், குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை ஊற்றிக் கழுவி, துணியால் அமுக்கிப் பிடியுங்கள். ஆற்று வாய் போன்ற வெதுவெதுப்பான உவர் நீரில் விப்ரியோ வகைக் கிருமி இருக்கும், இனிப்பு நீர் நோய், கல்லீரல் கோளாறு உள்ளவர்களை அது மோசமாகத் தாக்கும். வெட்டுக்குக் கீழே விரல் மடங்கவில்லை, மரத்திருக்கிறது என்றால் விடியும் வரை மீன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அழுக்குக் காயத்துக்கு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடச் சொல்வார்கள். கிளினிக்கில் கத்தி வெட்டு என்று சுருக்கமாகச் சொல்லாமல், கடலில் பட்டது என்று சொல்லிவிடுங்கள், டாக்டர் எழுதும் மருந்தே மாறலாம்.