வெளிநாட்டு வாடகை: அங்கே கட்டிய வரியை எதில் கழிப்பது?

வெளிநாட்டு வீட்டின் வாடகைக்கு அங்கேயே வரி கட்டியவருக்குச் சில நாடுகளின் சட்டம் இரு வழிகளைத் தருகிறது. அந்தத் தொகையைச் சொந்த நாட்டில் வருமானத்திலிருந்து கழிக்கலாம். அல்லது வரியிலிருந்தே கழிக்கலாம்.

பழுதுபார்ப்பு, காப்பீடு போன்ற செலவுகள் போக நிகர வாடகை 1,000, அங்கே வரி 200, சொந்த நாட்டில் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருமானத்தில் கழித்தால் மீதி 800க்கு வரி 240. மொத்தச் சுமை 440. வரியில் கழித்தால் 300இல் 200 போய் 100தான் பாக்கி, மொத்தம் 300. எவ்வளவு பெரிய வேறுபாடு! பெரும்பாலோருக்கு இரண்டாவதே நல்லது என்பேன்.

ஆனால் அந்த ஆண்டு சொந்த நாட்டில் வரியே வராவிட்டால், கழிக்க எதுவும் இருக்காது. மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லச் சட்டம் இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள்.