பூஜி: பதினொரு வருடப் பயன்பாட்டின் பின்

கொழும்பிலுள்ள அரச வைத்தியசாலையொன்றின் மயக்கமருந்துப் பிரிவில் கடமையாற்றும் நான், சத்திரசிகிச்சைக் கூடத்திலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் பதினொரு வருடங்களாகப் பயன்படுத்திவரும் ஒரு கருவியைப் பற்றி எழுதுகிறேன். ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் நீளமும் 5 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட, முனை மட்டும் சற்று மேல்நோக்கி வளைந்த மெல்லிய கோல் அது. பூஜி என்றால் பிரெஞ்சு மொழியில் மெழுகுதிரி. எங்கள் கூடத்தில் மூன்று மொழிகள் புழங்கினாலும் இதற்கு மூன்றிலும் இதே பெயர்தான்.

வாய்வழியே குரல்வளையைப் பார்க்க உதவும் லரிங்கோஸ்கோப்பின் வளைந்த அலகை 1943இல் அறிமுகப்படுத்திய மயக்கமருந்து நிபுணர் ரொபேர்ட் மக்கின்ரோஷ்தான், குரல் நாண்கள் சரியாகத் தெரியாதபோது முதலில் ஒரு மெல்லிய கோலை மூச்சுக்குழலுக்குள் செலுத்தி, அதன்மேல் ரியூபை, அதாவது சுவாசம் கொடுக்கும் குழாயை, வழுக்கி இறக்கலாம் என்று 1949இல் எழுதினார். வேலை இன்றும் அதேதான்.

முதல் சில வருடங்கள் நான் இதனைக் கடைசி வழியாகவே வைத்திருந்தேன். ஓர் இரவு, முச்சக்கரவண்டி விபத்தில் காயமடைந்த ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தை அசைக்க முடியாது. வாய் நிறைய இரத்தம். எவ்வளவு உறிஞ்சியெடுத்தும் குரல்வளை மூடியின் விளிம்பு மட்டுமே தெரிந்தது. இரண்டு தடவை ரியூபைச் செலுத்தினேன், இரண்டு தடவையும் அது உணவுக்குழாய்க்குள் சென்றது. இடையில் முகமூடியால் ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற மூத்த தாதி, "டொக்டர், பூஜி" என்று மட்டும் சொல்லி, ஜெல் பூசி ஆயத்தமாக வைத்திருந்ததை என் கையில் தந்தார். மூடியின் அடியால் அதனை நுழைத்தபோது விரல் நுனியில் சிறுசிறு தட்டல்களை உணர்ந்தேன். மூச்சுக்குழலின் முன்பக்கத்துக் குருத்தெலும்பு வளையங்களில் வளைந்த முனை உரசிச் செல்லும் உணர்வு அது. உணவுக்குழாயில் அந்த வளையங்கள் இல்லை. கண்ணால் காணாத இடத்தை விரல் அறிந்துகொண்ட அந்தக் கணத்தை நான் மறக்கவில்லை. நோயாளி பிழைத்தார். ஆயினும் அந்த இரண்டு முயற்சிகளின் நேரம் வீணானதே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அதன் பின்னர், குரல் நாண்கள் எளிதாகத் தெரியும் நோயாளிகளிலும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது இதனைப் பயன்படுத்தத் தொடங்கினேன். இதற்கு வலுவான காரணம் உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலுள்ள ஓர் அவசரப் பிரிவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், சிரமமான சுவாசவழி கொண்டோரில் முதல் முயற்சியிலேயே வெற்றி கிட்டியது பூஜியுடன் 96 சதவீதம், ரியூபுக்குள் வைத்து அதற்கு வடிவம் கொடுக்கும் உட்கம்பியுடன் 82 சதவீதம். பல வைத்தியசாலைகளில் 1,102 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்விலோ இரண்டுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதலாவது ஆய்வு நடந்த இடத்தில் பூஜி அன்றாடக் கருவியாக இருந்தது. பழகிய கைக்கே இது உதவுகிறது என்றுதான் இவ்விரண்டையும் சேர்த்து நான் விளங்கிக்கொள்கிறேன்.

பழகும்போது கைக்கு வரவேண்டிய நுணுக்கங்கள் சில உள்ளன. கோல் உள்ளே சென்றதும் லரிங்கோஸ்கோப்பை எடுத்துவிடக் கூடாது; நாக்கு சரிந்து ரியூபின் வழியை அடைத்துவிடும். ரியூப் குரல்வளையில் தடைப்பட்டால் பலத்தைப் பிரயோகிக்காமல் சற்றுப் பின்னிழுத்து, இடஞ்சுழியாக 90 பாகை திருப்பினால் பெரும்பாலும் இறங்கிவிடும். கோல் நுண்ணிய கிளைக்குழல்களில் முட்டி நிற்கும்வரை தள்ளிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நான் கைவிட்டுவிட்டேன், ஏனெனில் இப்போது கிடைக்கும் ஒருமுறைப் பாவனைப் பிளாஸ்டிக் கோல்கள் விறைப்பானவை, காயம் ஏற்படுத்தக்கூடியவை. இறுதி உறுதிப்பாட்டை மொனிட்டரில் தொடர்ந்து எழும், வெளிமூச்சிலுள்ள காபனீரொட்சைட்டின் அலைவரைபே தரவேண்டும். விரலுணர்வை மட்டும் நம்பி நான் ஒருபோதும் நின்றதில்லை.

வீடியோ லரிங்கோஸ்கோப் வந்தபின் பூஜி தேவையில்லை என்று எண்ணியோர் இருந்தனர். திரையில் குரல் நாண்கள் தெளிவாகத் தெரிந்தும் ரியூப் அங்கே போய்ச் சேராத நிலைமையை அதன்பின்பே அடிக்கடி கண்டோம். வழக்கமான வளைவுள்ள அலகுடன் பூஜி மிக நன்றாக இசைகிறது. கூடிய வளைவுள்ள அலகுடன் அது அந்த வளைவில் திரும்பாது. அங்கே உட்கம்பியே பொருத்தம்.

குழந்தைகள் விடயத்தில் என் கை தயங்குகிறது. அவர்களுக்கான மெல்லிய கோல் 4 மில்லிமீற்றர் ரியூபுக்குள்ளும் செல்லும். ஆனால் ஒரு கிலோ உடல் எடைக்குக் கைக்குழந்தை செலவிடும் ஒட்சிசன் வளர்ந்தவரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு; நுரையீரலில் இருப்போ குறைவு. தட்டலைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. குறுகிய குழலில் சிறு வீக்கமும் சுவாசத்தைப் பெரிதும் மறிக்கும். ஆகவே தோளின் கீழ் துணிச்சுருள் வைத்து, முகமூடியால் நன்றாக ஒட்சிசன் கொடுத்து, தேவையென்று தெளிவான பின்பே எடுக்கிறேன்.

இப்போது எங்கள் அவசரப் பிரிவுத் தள்ளுவண்டியில் பூஜி கீழ் இழுப்பறையில் இல்லை. மேல் தட்டில், ரியூபுக்குப் பக்கத்தில், வளையாதபடி நேராகக் கிடக்கிறது. குழந்தைகளுக்கான அளவு மட்டும் எல்லா வண்டிகளிலும் இன்னும் இல்லை. இவ்வருடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.