ஏழு வருடச் செப்புச் சட்டியும், சட்டியைத் தூக்கினால் சுருங்கும் அடுப்பும்

ஈயம் பூசக் கொடுத்திருந்த தமாகோயாகிச் சட்டி, அதாவது முட்டையைச் சுற்றுச் சுற்றாக உருட்டுகிற ஜப்பானிய ஆம்லெட்டுக்கான நான்கு மூலைச் சட்டி, ஏழு வாரம் கழித்துப் போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதே வாரம் கவாசாகியில் இருக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, ஏப்ரல்ல பையன் யோச்சியென் போறான், தினமும் பென்டோ கட்டணும். நீங்க வெச்சிருக்கிற செப்புச் சட்டி வாங்கலாமா, இல்ல ஒட்டாத கோட்டிங் போட்டதே போதுமா?" யோச்சியென் என்றால் மழலையர் பள்ளி, பென்டோ என்றால் டப்பாவில் கட்டிக்கொடுக்கிற மதியச் சாப்பாடு. ஒரு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். கோபம் எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டது, அதனால் முழுசாகவே எழுதுகிறேன்.

சட்டியை 2018 மார்ச்சில் வாங்கினேன். மகள் யோச்சியெனில் சேரப் போகிற சமயம். தோக்கியோவில் நிஷி-கசாயில் தோசாய் லைன் ரயில் ஏறி, நிஹோன்பாஷியில் கின்சா லைனுக்கு மாறி, தவராமாச்சியில் இறங்கினால் சமையல் பாத்திரக் கடைகள் நிறைந்த கப்பாபஷி தெரு நடக்கிற தூரம். மூலைக் கட்டடத்தின் உச்சியில் தொப்பி போட்ட சமையல்காரரின் பெரிய தலை இருக்கும், அதுதான் அடையாளம். கடைக்காரர் இரண்டே கேள்வி கேட்டார். வீட்டில் கேஸா, ஐஎச் என்கிற இண்டக்‌ஷன் அடுப்பா? கந்தோ வடிவமா, கன்சாய் வடிவமா? கேஸ், கன்சாய் என்றேன். எட்டாயிரத்துச் சொச்சம் யென், கூடவே சட்டிக்குள் சரியாக உட்காருகிற ஒரு மரமூடி. என்ன மாதிரி கேஸ் அடுப்பு என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இந்த ஏழு வருட எரிச்சலுக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

வடிவத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தோக்கியோ பக்கத்துக் கந்தோ சட்டி சதுரம், சர்க்கரை போட்ட தடித்த தமாகோயாகிக்கு அது. ஒசாகா, கியோத்தோ பக்கத்துக் கன்சாய் சட்டி நீளவாக்கு, தாஷி என்கிற கடற்பாசி, மீன் சாறு நிறையக் கலந்து மெல்லிசாகப் பல சுற்று சுற்றும் தாஷிமாகிக்கு. உள்ளே பூரணம் வைக்கப் போகிறீர்கள் என்றால் நீளச் சட்டியே நல்லது, சுற்று கூடுதலாகக் கிடைக்கும், வெட்டினால் பூரணம் நட்டநடுவில் நிற்கும்.

சட்டியின் அருமையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுவதற்கு வசதியாக இருக்கும். செம்பு இரும்பைவிட ஐந்து மடங்கு போல வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஏட்டில் படித்தபோது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முட்டையை ஊற்றிப் பார்த்த அன்றுதான் புரிந்தது. என் பழைய கோட்டிங் சட்டியில் நடுப்பகுதி வெந்து உப்பி நிற்கும், நான்கு மூலையிலும் முட்டை தண்ணீராகவே கிடக்கும். வெறும் தமாகோயாகி என்றால் சமாளித்து உருட்டிவிடலாம். உள்ளே கீரையோ சீஸோ இருந்தால் அந்த வேகாத மூலையில்தான் வயிறு கிழியும், பூரணம் வெளியே எட்டிப் பார்க்கும், அடுத்த சுற்றில் மொத்தமும் முட்டைப் பொடிமாஸ். செப்புச் சட்டியில் மூலைக்கு மூலை ஒரே நேரத்தில் இறுகும். இறுகியும் இறுகாமலும் மேலே ஈரம் பளபளக்கிற அந்தச் சில விநாடியில் குச்சியால் தூக்கி மடித்தால், சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டு வெட்டுவாயில் கோடே தெரியாது. முதல் மாதத்திலேயே அது எனக்கு வந்துவிட்டது. திறமை என்னுடையது இல்லை.

ஆனால் செம்பு சீக்கிரம் சூடேறுகிற மாதிரியே சீக்கிரம் எல்லை மீறும். அதனால் இதில் தீயைத் திருகிக் கொண்டிருக்க மாட்டார்கள், சட்டியைத் தூக்குவார்கள். கியோத்தோ நிஷிகி சந்தையில் தாஷிமாகி போடுகிறவர்களை நின்று பாருங்கள். தீ ஒரே அளவில் எரியும், கை மட்டும் மேலே கீழே போய்க்கொண்டிருக்கும். ஊற்று, தூக்கு, மடி, இறக்கு, எண்ணெய் தடவு, ஊற்று. மொத்த வித்தையும் அந்தத் தூக்குவதில்தான் இருக்கிறது.

இப்போது என் வீட்டு அடுப்புக்கு வருவோம். 2008 அக்டோபரிலிருந்து ஜப்பானில் வீட்டு உபயோகத்துக்கு விற்கிற கேஸ் அடுப்பின் ஒவ்வொரு பர்னரிலும் சென்சார் இருக்க வேண்டும் என்பது சட்டம், கையில் தூக்கிப்போகிற ஒற்றை பர்னர் மாதிரிச் சிலவற்றைத் தவிர. பர்னரின் நடுவே ஸ்பிரிங் வைத்த ஒரு குமிழ், சட்டியின் அடியைத் தொட்டபடி நிற்கும். சூடு 250 டிகிரியை நெருங்கினால் தானே தீயைக் குறைக்கும், தேவைப்பட்டால் அணைக்கும். தெம்புரா எண்ணெயை அடுப்பில் மறந்துவிட்டுப் போய் வீடு எரிவதைத் தடுக்கத்தான் இது. எண்ணெய் 370 டிகிரி வாக்கில் தானாகவே பற்றிக்கொள்ளும். நல்ல சட்டம், நியாயமான சட்டம், நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் என் அடுப்பின் குமிழ் இன்னொரு வேலையும் பார்க்கிறது. மேலே சட்டி இல்லை என்று தெரிந்த உடனே பீப் அடித்துத் தீயைச் சிறிசாக்கிவிடுகிறது. நான் சட்டியைத் தூக்குகிறேன், தீ சுருங்குகிறது. மடித்து இறக்குகிறேன், யோசித்து யோசித்துத் தீ மறுபடி வளர்கிறது. அதற்குள் எண்ணெய் தடவி அடுத்த கரண்டி முட்டையை ஊற்றியிருப்பேன், சட்டி வெதுவெதுப்பாக இருக்கும், முட்டை 'ஸ்ஸ்' என்று சத்தம் போடாமல் சும்மா படுத்துக்கொள்ளும். சத்தம் வரவில்லை என்றால் ஒட்டப் போகிறது என்று அர்த்தம். ஒரு உருளைக்கு ஆறு சுற்று, ஆறு தடவையும் இதே கூத்து, காலை ஆறரை மணிக்கு, பக்கத்து அறையில் மனைவி தூங்கிக்கொண்டிருக்க பீப், பீப், பீப். ஏழு வருடமாகச் சட்டிக்கும் குமிழுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். இதில் சட்டியின் தப்பு ஒன்றுமே இல்லை. ஆனாலும் கோபம் சட்டி மேல்தான் வருகிறது, கையில் இருப்பது அதுதானே.

இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால், கருவாடு வாட்டுவதற்கும் அதிகச் சூட்டில் வதக்குவதற்குமான நிலைக்கு அடுப்பு மாறும். சட்டியைத் தூக்கினாலும் தீ குறையாது, சூட்டு வரம்பும் மேலே போய்விடும். இரண்டாவது மாதமே கண்டுபிடித்துவிட்டேன். அதை அழுத்த நினைவிருந்த காலைகள் சொர்க்கம், அதை மறைக்கக் கூடாது. போன நவம்பரில் ஒரு ஞாயிறு, சட்டி காயட்டும் என்று பொத்தானை அழுத்தி வைத்துவிட்டு, மணி அடித்த கூரியர்காரரிடம் பெட்டி வாங்கப் போனேன். திரும்பி வந்தால் உள்பக்கத்து ஈயம் வெள்ளி முத்து முத்தாகத் திரண்டு ஒரு மூலையில் வழிந்து கிடக்கிறது. அது வெள்ளீயம், உருக 232 டிகிரி போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தச் சென்சாரை நான் தொடாமல் விட்டிருந்தாலும் அது 250-ஐ நெருங்கும்போதுதான் முழித்திருக்கும். ஏழு வருடமாக வேண்டாத நேரத்தில் எல்லாம் குறுக்கே விழுந்த குமிழ், வேண்டிய ஒரே நேரத்திலும் உதவியிருக்காது. பொத்தானை அழுத்தியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதில் பெரிய அவமானம் என்னவென்றால், நான் ஈயச் சொம்பில் ரசம் வைத்த வீட்டில் வளர்ந்தவன். சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகிவிடும், முதலில் புளித்தண்ணீர், அப்புறம்தான் தீ என்று அம்மா தினமும் கத்துவார். அதே உலோகம்தான் இதுவும். போனில் சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. எங்கள் தெருவில் ஈயம் பூசுகிறவர் வருவார், துருத்தி ஊதி, நவச்சாரம் தூவி, துணியால் ஒரு சுழற்று, வெள்ளைப் புகை அடங்குவதற்குள் பித்தளை அண்டா கண்ணாடி மாதிரி மின்னும், சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும். இங்கே வாங்கிய கடையிலேயே கொடுத்தேன். மரப்பிடியைக் கழற்றி, சீட்டு எழுதி, பட்டறைக்கு அனுப்பி, ஏழு வாரம், ஐயாயிரத்து ஐந்நூறு யென். வேலை சுத்தம், குறை சொல்ல இடமே இல்லை. ஆனால் புது ஈயத்தில் எண்ணெய் ஊறுகிற வரைக்கும் முட்டை ஒட்டும். வந்ததிலிருந்து நான்கு தடவை போட்டிருக்கிறேன், இரண்டு கிழிந்தது. இன்று காலையும் ஒன்று கிழிந்தது. இதைப் படிக்கும்போது அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பூரணம். தம்பி உண்மையில் கேட்க நினைத்தது இதைத்தான் என்று தோன்றுகிறது, பையனின் டப்பாவுக்குள் எதையாவது ஒளித்து உள்ளே தள்ள வேண்டும் இல்லையா. எல் அளவு முட்டை மூன்று, தாஷி இரண்டு மேசைக்கரண்டி, வெளிர்ச் சோயா ஒரு தேக்கரண்டி, மிரின் என்கிற இனிப்பு அரிசி மது ஒரு தேக்கரண்டி. பூரணம் இல்லையென்றால் தாஷி நான்கு கரண்டிகூடப் போகலாம், உள்ளே ஏதாவது இருந்தால் அவ்வளவு ஈரத்தை முட்டை தாங்காது. தாஷியில் ஒரு தேக்கரண்டி கதகுரிகோ, அதாவது உருளைக்கிழங்கு மாவு, கரைத்துக்கொள், பயம் பாதி போகும். டப்பாவுக்கு என்றால் உள்ளே ஈரம் மிச்சமில்லாமல் முழுசாக வேக வேண்டும், நன்றாக ஆறின பிறகுதான் மூட வேண்டும்.

கீரையை வேகவைத்துப் பிழி, பிழிந்தது போதும் என்று தோன்றும்போது இன்னொரு தடவை பிழி. பிறகு நோரி என்கிற உலர்ந்த கடற்பாசித் தாளில் சுருட்டி, பென்சில் கனத்தில் ஒரு குச்சியாக்கி, முதல் சுற்றின் ஓரத்தில் வை. இரண்டு பக்கமும் ஒரு விரல்கடை இடம் விட்டுவிடு, சட்டியின் முழு அகலத்துக்கும் வைத்தால் ஓரம் மூடாது. சீஸ் என்றால் பீட்சாவுக்கு உருகுகிற ஜாதி வேண்டாம். கட்டியாக விற்கிற பிராசஸ் சீஸைக் குச்சியாக நறுக்கி அதையும் நோரியில் சுற்று, முதல் சுற்றில் வைக்காதே, இரண்டாவதில் வை. அடிச்சூடு நேராகப் பட்டால் ஒழுகி ஈயத்தில் படிந்துவிடும், அதைச் சுரண்டவும் முடியாது, ஈயம் அவ்வளவு மெத்து, மரக்குச்சி தவிர எதுவும் படக்கூடாது. மென்டைகோ என்கிற காரம் ஏற்றிய மீன் சினையைத் தோலோடு முழுசாக வைத்தால் போதும், அது தானே அடக்கமாக இருக்கும், ஓரம் வெளுத்து நடுவில் இளஞ்சிவப்பாக நிற்கும்போது வெட்டினால் அழகோ அழகு. ஆனால் அது வீட்டில் உடனே சாப்பிட மட்டும், டப்பாவுக்கு ஆகாது. உமாகி, அதாவது விலாங்கு வைத்தது, வருடத்துக்கு ஒரு தடவை ஜூலையில் செய்வேன். சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற கபாயாகியின், அதாவது இனிப்புச் சாறு தடவிச் சுட்ட விலாங்கின், மேலே இருக்கிற சாறைத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும், அந்தச் சர்க்கரை பட்ட இடம் உடனே கருகும். விலையைப் பார்த்தால் கிழிந்தால் அழுகை வரும், அன்றைக்கு மட்டும் கை நடுங்காது, எப்படி என்று தெரியவில்லை.

நம் ஊர்க் கணக்கில் பச்சை வெங்காயம், மிளகாய் போட்டுப் பார்த்தேன். வெங்காயம் விட்ட தண்ணீரில் சுற்று வழுக்கிக் கழன்றது. வதக்கிப் போட்டால் சரியாக வருகிறது, எனக்குப் பிடிக்கிறது, மகள் வாசனை என்று ஒதுக்கிவிட்டாள். அவளுக்கு யோச்சியென் தோழிகள் பழக்கிய இனிப்புத் தமாகோயாகிதான் வேண்டும்.

உருட்டி முடித்ததும் மூங்கில் பாயில் சுற்றி ஐந்து நிமிடம் விடு. ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் அந்தச் சூட்டிலேயே பிடித்துக்கொள்ளும். என் பாதிப் பிழைகளை மறைப்பது இந்தப் பாய்தான்.

ஆக, தம்பி, வாங்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று நினைப்பாய். மூன்று வருடம் தினமும் பென்டோ கட்டினேன், அப்புறம் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போட ஆரம்பித்துவிட்டார்கள், இப்போது வாரக் கடைசியில் எடுத்தால் உண்டு. இரண்டாயிரம் யென் கோட்டிங் சட்டி வாங்கு, தீயைச் சிறிசாக வை, தூக்காதே. இரண்டு வருடத்தில் வழுக்கல் போனதும் தூக்கிப்போட்டு இன்னொன்று வாங்கு, அதோடு பையன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவான். அவன் வயதில் எந்தக் குழந்தையும் வெட்டுவாயில் கோடு தெரிகிறதா என்று பார்க்காது. அப்படியும் வாங்கியே தீருவேன் என்றால், முதலில் உன் அடுப்பில் ஒரு காலிப் பாத்திரத்தை வைத்துத் தீ மூட்டித் தூக்கிப் பார். பீப் அடித்தால் கப்பாபஷி பக்கமே போகாதே.

மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. சமூகப் பாடத்துக்காக வெள்ளிக்கிழமை கார் தொழிற்சாலை பார்க்க அழைத்துப் போகிறார்கள், ரொம்ப நாள் கழித்து டப்பா கட்ட வேண்டும். நோரி சீஸ் வைத்துத் தமாகோயாகி கேட்டிருக்கிறாள். "அப்பா, பழைய கறுப்புச் சட்டியிலேயே செய்ங்க. செப்புச் சட்டின்னா அடுப்பு கத்தும், அப்புறம் நீங்க கத்துவீங்க" என்றாள். கறுப்புச் சட்டியைப் பரணிலிருந்து எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே மற்றதுக்கும் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன், அவளுக்குத் தெரியாது.