சைக்கிள் சக்கரத்தில் சுழலும் எல்இடி படம்: எதற்குச் செலவு செய்யலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து பெடலைக் கையால் சுற்றினால் பின்சக்கரத்தில் ஒரு தாமரை விரிய வேண்டும். சக்கரத்தில் கட்டிய எல்இடி பட்டை சுற்றும்போது அந்தந்த இடத்துக்கு ஏற்ற நிறத்தில் எரிந்தால், கண்ணுக்கு அது முழுப் படமாகத் தெரியும். அக்கா பையன் ஆசைப்பட்டான், ஆரம்பித்தோம். முதல் தடவை சக்கரம் வேகமெடுத்ததுமே, "மாமா, பூ உடைஞ்சு உடைஞ்சு தெரியுது" என்றான். குனிந்து கிட்டே பார்த்தேன். இதழின் ஓரம் கோடாக இல்லை. தையல் போட்ட மாதிரி ஒரு துண்டு வெளிச்சம், ஓர் இடைவெளி, மறுபடி ஒரு துண்டு.

புரோகிராமில்தான் தப்பு என்று இரண்டு நாள் அதையே நோண்டினேன். தப்பு எல்இடி பட்டையில் இருந்தது. அதனால் இந்த ஒப்பீட்டில் பட்டைக்குத்தான் அதிக இடம்.

கடையில் எல்லோரும் முதலில் எடுத்துக் கொடுப்பது டபிள்யூஎஸ் 2812பி என்ற ரகப் பட்டை. விலை குறைவு, ஒரே டேட்டா ஒயர், எங்கும் கிடைக்கும். சுவர் அலங்காரத்துக்கு இதைவிட வேறு வேண்டாம். ஆனால் இந்த மாதிரிப் பட்டைகளில் எல்இடி மங்கலாகத் தெரிய, உண்மையில் அணைந்து அணைந்துதான் எரிகிறது. இந்தப் பட்டையில் அது விநாடிக்குச் சுமார் 400 தடவை. புதிய ரகங்களில் 2,000. சும்மா இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. சுழலும்போது தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 26 இன்ச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.07 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 2.7 சுற்று. ரிம்முக்குப் பக்கத்தில் இருக்கும் எல்இடி விநாடிக்கு 4.4 மீட்டர் ஓடுகிறது. விநாடிக்கு 400 தடவை என்றால் ஒவ்வொரு அணைப்புக்கும் நடுவே அது 11 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். நாங்கள் பார்த்த தையல் இதுதான். முழு வெளிச்சத்தில் எரியும் நிறத்தில் இது வராது. இளஞ்சிவப்பு, ஊதா மாதிரி கலவை நிறங்களில்தான் மானம் போகும்.

ஏபிஏ 102 பட்டையில் அதே வேலை விநாடிக்குச் சுமார் 20,000 தடவை நடக்கிறது. இடைவெளி கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. இதழ் வழவழவென்று வந்துவிட்டது. டேட்டாவோடு, அது எப்போது வருகிறது என்று தாளம் போட்டுச் சொல்லும் தனி கிளாக் ஒயரும் உண்டு. விலையும் கணிசமாகக் கூடுதல். இந்தப் பெயரில் விற்பதில் பலவும் எஸ்கே 9822 தான். அதன் வேகம் விநாடிக்கு 4,700 அளவில். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்குவதால் கவலையில்லை, தாராளமாக வாங்கலாம். ஒன்று மட்டும்: ஏபிஏ 102-ல் ஒட்டுமொத்த வெளிச்சத்தைக் குறைக்க 31 படி கொண்ட தனி அமைப்பு இருக்கிறது. அதைக் குறைத்தால் விநாடிக்கு 600-க்கும் குறைவான வேகத்தில் அணைந்து எரிய ஆரம்பித்து, பழைய தையல் திரும்பி வந்துவிடும். அதை 31-லேயே விட்டுவிட்டு, புரோகிராமில் நிறத்துக்குக் கொடுக்கும் எண்களைக் குறையுங்கள்.

அப்புறம் மூளை, அதாவது பட்டையை இயக்கும் சின்ன கன்ட்ரோலர் போர்டு. ஈஎஸ்பி 32 போட்டால் போனிலிருந்து வைஃபை வழியாகப் படம் மாற்றலாம், நினைவகமும் தாராளம். அர்டுயினோ நானோவில் படம் வைக்க 32 கேபி ஃபிளாஷ்தான். ஒரு சுற்றை 256 பத்தியாகப் பிரித்து, பத்திக்கு 32 எல்இடி, நிறத்துக்கு 3 பைட் என்றால் ஒரு படத்துக்கே 24 கேபி. 16 நிறத்தோடு நிறுத்திக்கொண்டால் 4 கேபி போதும். தாமரைக்கு எதற்கு 16-க்கு மேல்? நானோவே போதும் என்பது என் முடிவு. இங்கே மிச்சம் பிடிக்கிற காசைப் பட்டையில் போடுங்கள். நானோவோடு டபிள்யூஎஸ் 2812பி சேர்ந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. 32 எல்இடிக்கு டேட்டா அனுப்பும் ஒரு மில்லிவிநாடி நேரமும் அது வேறு எதையும் கவனிக்காது. சக்கரம் ஒரு சுற்று முடித்ததைச் சொல்லும் சென்சாரின் தகவல் தாமதமாகப் போய், படம் ரிம் பக்கம் 4 மில்லிமீட்டர் வரை ஆடும்.

சென்சாரில், காந்தம் கிட்டே வந்தால் உள்ளே தகடு ஒட்டிக்கொள்ளும் ரீட் சுவிட்ச் வேண்டாம். குலுக்கலில் பொய்யாகத் தட்டும். சுழற்சியை அளக்கும் கைரோ சிப் போட்டால் காந்தம் தேவையில்லை என்பது வசதிதான், ஆனால் படம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே நகர்ந்து போகும். காந்தத்தை உணரும் ஏ3144 ஹால் சென்சாரும், சைக்கிள் சட்டத்தில் ஒட்டிய ஒரு காந்தமும் போதும்.

எத்தனை பட்டை? ஒன்று போட்டால் படம் விநாடிக்கு 2.7 தடவைதான் வரையப்படும், மின்விசிறி மாதிரி படபடக்கும். நான்கு போட்டால் நன்றாகத் தெரியும், பேட்டரி தாங்காது. நான் 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று வைத்தேன். எடையும் தானாகச் சமநிலைக்கு வந்துவிடுகிறது. மீட்டருக்கு 144 எல்இடி உள்ள பட்டையில் 32 எடுத்தால் 22 சென்டிமீட்டர், ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே அளவெடுத்தது போல் உட்காரும். ஆனால் போக்ஸ் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். கம்பி ஹப்பிலிருந்து சாய்வாகத்தான் கிளம்புகிறது. அதன் சாய்விலேயே கட்டினால் பூ முறுக்கிக்கொள்ளும். இரண்டு கம்பிக்குக் குறுக்கே, மையத்தைப் பார்க்கும்படி கேபிள் டை போட்டு இறுக்க வேண்டும்.

பேட்டரியை ரிம் பக்கம் வைப்பதா, ஹப் பக்கம் வைப்பதா என்று யோசிக்கவே வேண்டாம். 18650 என்ற ரீசார்ஜ் லித்தியம் செல் சுமார் 45 கிராம். 20 கிலோமீட்டர் வேகத்தில் ரிம் பக்கம் அது 340 கிராம் எடை போல இழுக்கும். ஹப்பிலிருந்து 5 சென்டிமீட்டரில் 65 கிராம்தான். ஸ்பிரிங் வைத்த ஹோல்டரை ஹப்பைப் பார்த்தபடி நீளவாக்கில் வைத்தேன். வேகம் கூடியதும் செல் ஸ்பிரிங்கை அழுத்தி நகர்ந்து, நானோ அணைந்து அணைந்து எரிந்தது. ஹோல்டரைக் குறுக்கே திருப்பியதும் சரியாகிவிட்டது.

பைக்கில் போடலாமா என்று பையன் அடுத்து கேட்டான். கூடாது. 17 இன்ச் சக்கரம் மணிக்கு 60 கிலோமீட்டரில் விநாடிக்கு ஏறக்குறைய 9 சுற்று. ரிம்முக்குள் 20 சென்டிமீட்டரில் இருக்கும் அதே செல் கிட்டத்தட்ட 3 கிலோ எடை போல இழுக்கும். டிஸ்க் பிரேக்கின் சூடு வேறு. கேபிள் டை அறுந்தால் அந்தச் செல் பின்னால் வருகிறவர் மேல் போய் விழும். சைக்கிளோடு நிறுத்திக்கொண்டோம். பையன் இப்போது 4 கேபிக்குள் மயில் வரைந்துகொண்டிருக்கிறான்.