லைக்கோ பயிற்சி: தலைவர் மட்டும் போனால் பலன் பாதிதான்

கண் மருத்துவமனை நடத்தும் அறக்கட்டளைகளுக்குத் தலைமைப் பயிற்சி வேண்டுமென்றால் எங்கள் முதல் பரிந்துரை மதுரை லைக்கோ. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பயிற்சி நிறுவனம் இது, 1992-ல் உருவானது.

இங்கே தனி ஆளை உட்கார வைத்து வகுப்பெடுப்பதில்லை. முதலில் உங்கள் மருத்துவமனையின் நிலையை ஆராய்கிறார்கள். பிறகு அறங்காவலர், மருத்துவர், மேலாளர், செவிலியர், முகாம் பொறுப்பாளர் என ஒரு குழுவாக மதுரைக்குப் போய், சொந்தக் கணக்கை வைத்தே திட்டம் போட வேண்டும். பின்தொடர்தலும் உண்டு.

அந்தக் கணக்கில்தான் கண் திறக்கிறது. ஒரு கண்புரை அறுவைக்கு 10 நிமிடம், அடுத்த நோயாளியைத் தயார்செய்ய 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மேசை என்றால் மணிக்கு இரண்டு அறுவை. பக்கத்திலேயே இன்னொரு மேசை போட்டு, அதில் அடுத்தவரைப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் தயாராக வைத்திருந்தால் அதே மருத்துவர் நான்கு செய்யலாம். மருத்துவர் கூடவில்லை, மேசையும் செவிலியரும் கூடினால் போதும். அரவிந்தின் அறுவை அரங்கில் இதை நேரில் பார்த்த செவிலியர் ஊர் திரும்பியதும் தானே முன்னின்று செய்வார். தலைவர் மட்டும் பார்த்துவிட்டு வந்து சொன்னால் அது இன்னொரு உத்தரவாகவே காதில் விழும். பல இடங்களில் திட்டம் படுத்துவிடுவது இதனால்தான்.

போகும் முன் 12 மாதப் பதிவுகளை எடுத்து வையுங்கள்: புறநோயாளிகள் எத்தனை பேர், அறுவை தேவை என்று சொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் உண்மையில் செய்துகொண்டவர்கள் எத்தனை பேர், ஓர் அறுவைக்கு ஆன செலவு எவ்வளவு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே பெரிய ஓட்டை இருந்தால், மேசை போடுவதற்கு முன் அதை அடைத்துவிடுங்கள். முகாமிலிருந்து அழைத்துவர வண்டி இல்லாததும், கூட வர ஆள் இல்லாததும் வழக்கமான காரணங்கள்.

ஒரு குறை: அரவிந்தின் அளவைப் பார்த்து மயங்கி, ஒரே மருத்துவர் உள்ள சிறு மருத்துவமனைகளும் எட்டாத இலக்கை எழுதிவிடுகின்றன. அந்த மருத்துவர் விலகினால் எல்லாம் நின்றுவிடும். அப்படிப்பட்டவர்கள் இரண்டாவது மருத்துவரைச் சேர்த்த பிறகு போவதே நல்லது.