ஃபிளிப்பர் தளர்ந்தால்: அரம் போதுமா, கிட் வேண்டுமா?

1980களின் வில்லியம்ஸ், பாலி நிறுவனங்களின் பின்பால் மெஷினில், பந்தை அடிக்கும் துடுப்பான ஃபிளிப்பர் தளர்ந்து, பந்து ராம்ப்பில் (சரிவுப் பாதையில்) பாதி ஏறித் திரும்பினால் வழி இரண்டு: சுவிட்ச் முனைகளைத் தேய்ப்பது, அல்லது ஃபிளிப்பரை இயக்கும் பாகங்களை 'கிட்' எனும் புது உதிரித் தொகுப்பால் மாற்றிக் கட்டுவது.

தேய்க்கச் செலவே இல்லை. ஃபிளிப்பரை இயக்கும் மின்காந்தச் சுருளான காயிலில் இரண்டு சுற்று உண்டு: தடித்த கம்பி அடிக்க, மெல்லிய கம்பி பிடித்து நிறுத்த. மூடியிருக்கும் இஓஎஸ் சுவிட்ச் (end of stroke, வீச்சு முடியும் இடத்துச் சுவிட்ச்), மெல்லிய சுற்றைத் தொடாமல் மின்சாரம் பாய விடும். முக்கால்வாசி வீச்சு தாண்டியதும் திறக்கும். அதன் முனை கருகினால் அடி தளரும். டங்ஸ்டன் முனைதான், சிறு அரத்தால் தேய்க்கலாம். பட்டன் பக்கச் சுவிட்சும் அதே மின்சாரத்தைச் சுமக்கிறது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். (1992 முதல் வந்த ஃபிளிப்ட்ரானிக்ஸ் எனும் மின்னணுக் கட்டுப்பாட்டு முறை வேறு கதை. அங்கே தங்க முலாம் பூசிய முனை, அரம் ஆகாது.)

கிட்டில் பிளஞ்சர் (காயிலுக்குள் ஓடும் இரும்புத் தண்டு), லிங்க் (அதை ஃபிளிப்பரோடு இணைப்பது), ஸ்லீவ் (தண்டு ஓடும் குழாய்), காயில் ஸ்டாப் (தண்டை நிறுத்தும் தடுப்பு) எல்லாம் வரும். இது தேய்மானத்துக்கான மருந்து. மெஷினை அணைத்துவிட்டு ஃபிளிப்பரைக் கையால் தள்ளிப் பாருங்கள். சொரசொரவென்று உரசினாலோ, லொடலொடவென்று ஆடினாலோ அரம் போட்டுப் பயனில்லை. பிளஞ்சரைக் கழற்றினால் அதன் நுனி காளான்போல் விரிந்து, ஸ்லீவில் கறுப்புத் தூள் படிந்திருக்கும்.

என் கட்சி: முதலில் அரம். ஸ்லீவ் பல வருடம் மாறவில்லை என்றால் நேரே கிட், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. அப்புறம், ஃபிளிப்பரை இறுக்கும்போது மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டர் அளவு ஆட்டம் விடுங்கள். இல்லாவிட்டால் ஃபிளிப்பரின் அச்சைத் தாங்கும் புது புஷ்ஷிங்கிலேயே உரசி மறுபடி தளரும்.