முதலூருக்கு இருபது நிமிடம் போதாது

பாளையங்கோட்டையில் கிளம்பி, நெல்லைச் சீமையில் கிறிஸ்தவ மிஷன் வேரூன்றிய பழைய ஊர்களை ஒரே நாளில் சுற்றிக் காட்டும் வேன் பயணத்துக்கு எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து பதினோரு பேர் போய்வந்தோம். ஆளுக்கு 1,150 ரூபாய். காலை இட்லியும் மதியச் சாப்பாடும் அதிலேயே அடக்கம். நடத்துபவர்களிடம் என் மனத்தாங்கலை நேரிலேயே சொல்லிவிட்டதால் இங்கே பெயர் எழுதவில்லை.

வண்டியிலும் சாப்பாட்டிலும் ஒரு குறையும் இல்லை. காலை ஆறு மணி என்றால் ஆறு மணிக்கே வேன் வாசலில் நின்றது. எனக்கு முழங்கால் வலி. ஓட்டுநர் தம்பி ஒவ்வொரு ஊரிலும் நான் கேட்காமலே ஒரு முக்காலியைப் படிக்குக் கீழே போட்டுக் கைகொடுத்து இறக்கிவிட்டார். மதியம் கிடைத்த மீன் குழம்பு வீட்டுக் குழம்பு போலவே இருந்தது.

முதலில் பாளையங்கோட்டையிலேயே பாப்பாத்தி அம்மாள் கோவில் என்ற கிறிஸ்தவ ஆலயம். தஞ்சாவூரில் விதவையாக இருந்த பிராமணப் பெண் குளோரிந்தா 1778இல் ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் (எங்கள் பக்கத்தில் சபைக் குருவை ஐயர் என்போம்) கையால் திருமுழுக்குப் பெற்றதையும், 1785இல் இந்தக் கோவிலைக் கட்டி முடித்ததையும் வழிகாட்டிப் பையன் அழகாகச் சொன்னான். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் நாற்பதே பெயர்கள் இருந்தன என்பது கூட அவனுக்குத் தெரிந்திருந்தது. நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறான் என்று மகிழ்ந்தேன்.

நாசரேத்தில் கொஞ்ச நேரம். அடுத்தது மெஞ்ஞானபுரம். தேரி என்னும் செம்மணல் மேட்டையும் பனைகளையும் தாண்டி, அங்குள்ள கோவிலின் 192 அடிக் கோபுரம் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. வேனுக்குள் யாரோ பாட்டெடுக்க எல்லோரும் சேர்ந்துகொண்டோம். வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் கிணறு வெட்டித் தோட்டம் போட்ட கதையை நிதானமாகக் கேட்க முடிந்தது.

பிறகு முதலூர். அங்கேதான் என் மனம் நொந்தது. நிறுத்தியது இருபது நிமிடம், அதில் கால் மணி நேரம் மஸ்கோத் அல்வாக் கடை வரிசையிலேயே போய்விட்டது. அல்வாவைக் குறை சொல்ல மாட்டேன். நெய் இல்லாமல் தேங்காய்ப் பாலிலேயே கிண்டுவதால் கை பிசுபிசுக்காது, திகட்டாது, வாயில் வழுக்கிக்கொண்டு போகும். நானும் ஒரு கிலோ வாங்கினேன். ஆனால் ஊரைப் பற்றி வழிகாட்டிப் பையன் சொன்னது ஒரே வரி: "இது 1799இல் உண்டான முதல் கிறிஸ்தவ ஊர்."

உண்டாக்கியது யார்? சாத்தான்குளத்துப் பக்கத்துப் பிள்ளையான டேவிட் சுந்தரானந்தம். சொந்த ஊர்களில் இருக்க விடாமல் விரட்டப்பட்ட 28 பேரை அழைத்துவந்து, நிலம் வாங்கி, கிணறு வெட்டி, பனையோலையால் ஒரு கோவிலும் வேய்ந்து குடியமர்த்திய உபதேசியார், அதாவது குருப்பட்டம் இல்லாமல் ஊரில் வேதம் சொல்லிக்கொடுத்துச் சபையைப் பார்த்துக்கொள்பவர். அவருக்குத் துணையாக நின்றவர் 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் ஐயர். அவரும் நம் தமிழர்தான். இந்த இருவர் பெயரையும் நாள் முழுக்க நான் கேட்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், என் தாத்தாவும் ஓர் உபதேசியார். ஒரு குடை, ஒரு தகரப் பெட்டி, ஒரு வருகைப் பதிவேடு, இவ்வளவுதான் அவருடைய உடைமை. பனை ஏறுகிறவர்கள் விடியுமுன்பே வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதால் இரவு எட்டு மணிக்கு விளக்கை ஏற்றி ஜெபமும் எழுத்தும் சொல்லிக்கொடுப்பார். சபை வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் கலயத்தில் எடுத்துவைத்த கைப்பிடி அரிசிதான் சில மாதங்கள் எங்கள் பாட்டி வீட்டுக்குச் சோறு போட்டது. இளம் சபை ஒன்று கிராமத்தில் வேர் பிடிப்பது இப்படித்தான் என்பதை நான் கண்ணால் பார்த்தவள்.

சரித்திரமும் அதையே காட்டுகிறது. 1816இல் ஜேம்ஸ் ஹஃப் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, அதற்கு முன் பல ஆண்டுகளாக இங்கே தங்கியிருந்து பார்த்துக்கொள்ள ஐரோப்பிய மிஷனரி யாரும் இல்லை. அப்படியும் மூவாயிரம் பேருக்கு மேல் விசுவாசத்தில் நிலைத்திருந்ததை அவர் கண்டார். அவர்களைக் காத்து வைத்திருந்தவர்கள் நாட்டு ஐயர்களும் உபதேசியார்களும் ஊர்ப் பெரியவர்களும் அல்லாமல் வேறு யார்?

இடையன்குடியில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. கால்டுவெல் ஐயர்மேல் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. 1847இல் அடிக்கல் போட்ட கோவிலை 1880இல் முடிக்கும்வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் அசையாமல் நின்றவர். அந்தச் சன்னல் வேலைப்பாட்டின் முன் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனம் வராது. அவர் வீட்டையும் பார்த்தோம். அந்த ஒன்றரை மணியில் அரை மணியையாவது முதலூருக்குக் கொடுத்திருக்கலாம்.

டோனாவூருக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே குழந்தைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாள் தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு தொட்டி மட்டும் இருக்கிறது. அதில் தாயைக் குறிக்கும் ஒரே சொல். பதினோரு பேரில் யாரும் பேசவில்லை.

திரும்பும் வழியில் அந்தப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, டேவிட்டைப் பற்றியும் சத்தியநாதனைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். சடைத்துக்கொள்ளாமல் கேட்டான். "டீச்சர், இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை" என்று சொல்லிக் குறித்துக்கொண்டான்.

பயணத்தை நம்பிப் பதிவு செய்யலாம். சித்திரை, வைகாசியில் வேண்டாம், தேரி வெயில் தாங்காது. பதிவு செய்யும்போதே முதலூருக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கோவிலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டு, கடைசிக் கால் மணியில் அல்வாக் கடைக்குப் போகலாம்.